மெட்டிக் கறுப்பு

அஞ்சலையின் காலில் அந்தக் கறுப்பை முதலில் பார்த்தவள் நான்தான். இடது காலில், மெட்டிக்கு அடியில், மிளகளவு கறுப்பு. "மட்ட வெள்ளியை உன் தலையில கட்டிட்டான்டி அந்தத் தட்டான். நாசமாப் போவான்!" என்று அவனைத் திட்டித் தீர்த்தேன். வெள்ளி பட்டால் தோல் கறுக்கும் என்பது யாருக்குத் தெரியாது?

அஞ்சலை என் தம்பி சேதுபதியின் மனைவி. தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் நான். அப்போது எனக்கும் புருஷன் இருந்தார். இப்போது காஜா பேராங்கில் அவர்கள் வீட்டில்தான் என் பிழைப்பு. அஞ்சலை மெட்டியை மேலே தள்ளிவிட்டு, புளி வைத்துத் தேய்த்தாள். போகவில்லை. தம்பி புக்கிட் ரம்பாய் பஸ் ஓட்டுகிறவன். சம்பளம் வந்ததும் நல்ல வெள்ளியில் புது மெட்டி வாங்கி வந்தான். புதியதை விரலில் நுழைத்த பிறகுதான் பழையதை உருவினாள். விரல் ஒரு கணம்கூட வெறுமையாக இருக்கக் கூடாதாம். இருந்தால் புருஷனுக்கு ஆகாதாம்.

புது மெட்டிக்கு அடியிலும் கறுப்பு பரவியது. ஒருநாள் அதிலிருந்து ரத்தம் கசிந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். துளி சதையைக் கிள்ளியெடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். பதில் வந்ததும் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்தார்.

"இது தோலிலை வாற புற்றுநோய். வெள்ளைக்காரருக்கு வெயில் படுற முகத்திலை, முதுகிலை வரும். எங்கட ஆக்களுக்கு வெயிலே படாத இடத்திலை வருது. உள்ளங்கால், நகத்துக்குக் கீழே, விரலிடுக்கு. ஏன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. புத்தகமெல்லாம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதினது. விரலை எடுக்கவேணும். இப்பவே எடுத்தால் உயிர் தப்பலாம், விளங்குதோ?"

அஞ்சலை விரலைப் பற்றிக் கேட்கவில்லை. "மெட்டி?" என்றாள்.

"கழட்டணும்மா" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸி.

அஞ்சலை காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு என் காலைப் பார்த்தாள். என் காலில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதைத்தான் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் வாங்கிக் குடுத்த மெட்டி, நானே கழட்டுறேன்லா" என்று தம்பி குனிந்தான்.

"தொடாதீங்க! தினம் பஸ்ஸை எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போறவரு நீங்க." அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அன்றே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கெஞ்சினோம், மிரட்டினோம். டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். தம்பி சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவான். இப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு மத்தியானம் அவள் அடுப்படியில் நொண்டிக்கொண்டு மீன் கழுவுவதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த கரண்டியை எறிந்தேன்.

"ஏன்டி, என் காலைப் பார்த்துத்தானே பயப்படுற? கேட்டுக்க. ஜப்பான்காரன் என் புருஷனைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடிச்சிட்டுப் போனான். போன கொஞ்ச நாள்லயே வாந்திபேதியில செத்துட்டாரு. சண்டை முடிஞ்சு ஆள் திரும்பி வந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் மெட்டி என் கால்லதான்டி இருந்துச்சு. தினம் மஞ்சள் பூசினேன், தினம் கும்பிட்டேன். அந்த மனுஷன் மண்ணுக்குள்ள கிடந்தாரு. எந்த மெட்டிடி அவரைக் காப்பாத்துச்சு?"

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அஞ்சலை கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, இடது காலை நீட்டினாள்.

"நீங்களே கழட்டுங்க அண்ணி."

தாலியறுத்தவள் கையாலா? "அவன் வரட்டும்டி" என்றேன். "நீங்கதான்" என்றாள். கழற்றினேன். தம்பி அன்று சாயங்காலம் எப்போதும்போல பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

விரலை எடுத்தார்கள். அதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வச்சுக்கங்க டாக்டர். இன்னொருத்தி வந்தா காட்டுங்க. வெள்ளி இல்லைன்னு சொல்லுங்க" என்றாள் அஞ்சலை.

மெர்டேக்கா அன்று, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாளில், கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று கொடி பார்த்தாள், சிரித்தாள். தீபாவளிக்குள் தொடையிடுக்கில் கட்டி வந்துவிட்டது. "அந்த இரண்டு மாசம்" என்று ஆரம்பித்த டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தை பிறந்து சில நாளில் போய்விட்டாள். புருஷனுக்கு ஆகாது என்று பயந்தாளே, அவன் இன்றைக்கும் பஸ் ஓட்டுகிறான். பாவி மகள், அவள்தான் இல்லை.

இப்போது நான் பெண்களின் கால்களைப் பார்க்கிறேன். தண்ணீர்க் குழாயடியில், கோயில் வாசலில், பாசாரில் காய்கறி வாங்கும்போது. "மெட்டியைக் கழட்டுடி, பார்க்கலாம்" என்பேன். "தாலியறுத்தவ கேட்கிற கேள்வியைப் பாரு!" என்று முகத்துக்கு நேரே ஏசுகிறார்கள். ஏசட்டுமே, எனக்கென்ன. எங்கள் வரிசை வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த கோகிலா, நான் கேட்டதும் புடவையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஓடியே போனாள்.

மறுநாள் மத்தியானம் பின்வாசல் வழியாக வந்தாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று உட்கார்ந்து, தானே மெட்டியைக் கழற்றினாள்.

அடியில் கறுத்திருந்தது.

புளியை எடுத்து வந்தேன். தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். மறுபடியும் தேய்த்தேன். கறுப்பு புளியோடு வந்துவிட்டது. விரல் பளிச்சென்று இருந்தது.

நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அந்தப் பெண் பயந்துபோனாள். "என்னக்கா, என்னது? சொல்லுங்க!"

"ஒண்ணுமில்லடி" என்றேன். "வெறும் வெள்ளிதான்."