ராஜகோபாலின் இடது காது

பிள்ளையார்பாளையத்தில் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்றால் போதும், எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிடுவார்கள். "யாரு போய்ட்டாங்க?" என்று என்னிடமே கேட்பார்கள். ஒருமுறை இட்லி மாவு வாங்க நின்றதற்கே ஒரு மனிதர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் சம்யுக்தா, ஓவியம் வரைந்து பிழைக்கிறவள். எனக்கு வரும் ஆர்டர் எல்லாம் செத்துப்போனவர்களின் படம்தான். காரியத்துக்குள் வேண்டும் என்று ஆதார் கார்டை நீட்டுவார்கள். ஆதார் கார்டில் யார்தான் தன்னைப் போல இருக்கிறார்கள்? அந்த மூஞ்சிக்குள்ளிருந்து ஒரு மனிதரை நான் தேடி எடுக்க வேண்டும். கூடவே, அம்மாவுக்குக் காசு மாலை, அப்பா முகத்தில் கொஞ்சம் சிரிப்பு, தலைக்குப் பின்னால் மறக்காமல் வெளிச்சம். சாமி படத்தில் இருப்பது போல மஞ்சளாக ஒரு வெளிச்சம் இல்லாமல் இங்கே யாரும் படத்தை வாங்கிக்கொண்டு போனதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் கை அதைப் போட்டுவிடும்.

மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. ராஜகோபால் ஐயா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே அவரும் அவர் மனைவி பெரியநாயகியம்மாவும் ஆளுக்கொரு தறியில் பட்டு நெய்கிறார்கள். மேலே என் ஸ்டூடியோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தறிச் சத்தம் நின்ற பிறகு, அங்கேயே தெருக்காரர்களுக்கு வரையச் சொல்லித் தருகிறேன். மொத்த வகுப்புக்கும் வீட்டுக்காரர் கூடுதலாக ஒரு பைசா கேட்டதில்லை. பெரியநாயகியம்மா டீ வேறு போட்டு அனுப்புவார்.

வகுப்பில் ஒரே ஒரு சங்கடம். கத்தரிக்காய், சொம்பு, செருப்பு எல்லாம் வரைந்து தீர்த்தாகிவிட்டது. இனி ஒரு மனிதரை உட்கார வைத்து வரைய வேண்டும். உட்கார ஆளில்லை. என் தூரிகை பட்டால் மாலை விழுந்துவிடும் என்று ஊரே நம்பியது.

"நான் வண்டி ஓட்றவன் டீச்சர், வம்பு வேணாம்" என்றார் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் ஆனந்தராஜ். நர்ஸாக வேலை பார்க்கும் சுகாசினிகூட, "எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா இந்த வாரம் வேணாம்" என்று நழுவினாள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் ராஜகோபால் ஐயாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்தது. சென்னையில் ஆபரேஷன், புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பெரியநாயகியம்மா காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அவர் மெதுவாக மாடி ஏறி வந்து நடுவிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வரைங்க" என்றார்.

நான் பதறிப்போனேன். "ஐயா, இன்னைக்குப் போய் விளையாடாதீங்க."

"டீச்சரம்மா, அங்க நெஞ்சையே பொளக்கப் போறாங்க. அதுக்கே பயப்படலை, உன் பிரஷ்ஷுக்கா பயப்படுவேன்? நான் நல்லபடியா வந்துட்டா அப்புறம் இந்த நாற்காலிக்கு ஆள் வந்துக்கினே இருக்கும், பாரு."

"வரலைன்னா?" என்று ஆனந்தராஜ் வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"வரலைன்னா கத்தரிக்காயே வரைங்கப்பா" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வகுப்பு போகும், வீடு போகும். அதெல்லாம் போகட்டும். இந்த ஊரில் என்னைப் பார்த்து யார் செத்தார்கள் என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான். ஆனாலும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என் கை தூரிகையை எடுத்துவிட்டது.

உயிரோடு இருக்கிற முகத்தை வரைவது எவ்வளவு தொல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த முகம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பேசியது, வியர்த்தது, கொட்டாவி விட்டது, சுகாசினியின் தாளை எட்டிப் பார்த்துக் கேலி செய்தது. நான் வாயைப் பிடித்தால் கண் மாறியது. ஆடாமல் இருங்கள் என்று அவரை அதட்டினேன். ஆதார் கார்டு ஒருநாளும் என்னை இப்படிப் படுத்தியதில்லை. இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கை என்ன செய்கிறது என்று கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

குங்குமப் பொட்டலத்தோடு மாடி ஏறி வந்த பெரியநாயகியம்மா என் படத்தைத்தான் முதலில் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நானும் பார்த்தேன். ராஜகோபால் ஐயாவின் தலைக்குப் பின்னால் மஞ்சளாக வெளிச்சம் போட்டு வைத்திருந்தேன்.

"அடிப்பாவி! உசுரோட குந்திக்கினு இருக்கற மனுஷனுக்கா வெளிச்சம் போட்டே? இன்னாடி பண்ணாரு அவரு உனக்கு?" தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினார். என்னை அவர் 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ட்யூப் லைட்டுன்னு நெனைச்சுக்கோயேன்" என்றார் ஐயா.

"நீங்க வாயை மூடுங்க!"

டர்பன்டைன் துணியை எடுத்து மொத்தத்தையும் துடைக்கப் போனேன். அந்த அம்மா அதற்கும் அலறினார். "அழிக்காதே! அவரு மூஞ்சியையா அழிக்கப் போறே?"

அழிக்கவும் கூடாது, முடிக்கவும் கூடாது. துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியநாயகியம்மா ஒவ்வொருவர் தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சுகாசினியின் ராஜகோபாலுக்கு மூக்கு இல்லை. ஆனந்தராஜ் பாதி மீசையில் நின்றிருந்தார். என் படத்தில் இடது காது இன்னும் வரவில்லை. மறுபடி என்னிடம் வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"தறியில நெடுக்க ஓடற பாவு நூல் தீர்ந்துபோச்சுன்னா தறியை மொட்டையா வுடுவமா? பழைய நூலோட நுனியை அப்படியே வெச்சுக்கினுதானே புதுப் பாவை முறுக்கிச் சேர்க்கறோம்? இதையும் அப்படியே வுடுங்க. யாரும் முடிக்கக் கூடாது. வேலை பாக்கி இருந்தா மனுஷன் வந்துதானே ஆவணும்?"

தூரிகைகளைக் கழுவி வைத்தோம். "என் மூக்கு இல்லாம எப்படிம்மா மூச்சு வுடுவேன்?" என்று கேட்டுக்கொண்டே ஐயா படி இறங்கினார். பின்னால் போன சுகாசினி அழுதுகொண்டிருந்தாள்.

புதன்கிழமை கீழே இரண்டு தறியும் ஓடவில்லை. நான் காலையிலிருந்து சாப்பிடாமல் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் சமணக் குடும்பம். தீர்த்தங்கரரிடம் போய் அதைக் கொடு இதைக் கொடு என்று கேட்கக் கூடாது என்று சின்ன வயதில் அப்பா சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கேட்டேன். தீர்த்தங்கரரிடம் கேட்டேன், காமாட்சியிடம் கேட்டேன், தெருமுனைப் பிள்ளையாரையும் விடவில்லை. காது இல்லாத அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து, நான் எதையும் முடிக்கவில்லை, எதையும் முடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் பெரியநாயகியம்மா போன் செய்தார். எடுப்பதற்கே பயமாக இருந்தது.

"கண்ணு முழிச்சுட்டாரும்மா" என்றார். "முழிச்சதும் இன்னா கேட்டாரு தெரியுமா? மீசையை எடுத்துட்டாங்களான்னு கேட்டாரு. ஆனந்தராஜுக்குப் பாதி பாக்கி இருக்குதாம்."

ஆனந்தராஜிடம் இதைச் சொன்னபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பின்னால் இருந்த பயணிகள் சத்தம் போட்டார்கள்.

ராஜகோபால் ஐயா மறுபடி மாடி ஏறுவதற்கு மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு படிக்கு ஒருதரம் நின்று, அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். இளைத்திருந்தார். மீசை புதிதாக வளர்ந்து வெள்ளையாக இருந்தது. வகுப்பே எழுந்து நின்றது. "குந்துங்கப்பா, நான் இன்னா கலெக்டரா?" என்று சொல்லிவிட்டு நேராகப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் பழைய தாள்களை எடுத்து விரித்தார்கள்.

நான் முதல் வேலையாக அந்த மஞ்சள் வெளிச்சத்தை எடுத்தேன். அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரின் நீலத்தைக் கலந்து, துளி மிச்சமில்லாமல் மேலே பூசினேன். பெரியநாயகியம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ம், இப்ப நம்ம வூட்டுச் சுவரு மாதிரி இருக்குது" என்றார். மன்னித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு இடது காதுக்கு நிறம் கலந்தேன். ஐயா எனக்காகத் தலையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினார். தூரிகையைக் கொண்டுபோகிற நேரத்தில் பெரியநாயகியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். தறியில் உழைத்த கை, பிடித்தால் அசைக்க முடியாது.

"வேணாம்மா. அது இருக்கட்டும்."

"அம்மா, அதான் வந்துட்டாரே."

"வந்துட்டாரு. அதான் சொல்றேன், இருக்கட்டும்."

ராஜகோபால் ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இந்தக் காதுக்காக நான் வாராவாரம் மாடி ஏறணுமா?"

"ஏறுங்க" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "நான் இருக்கற வரைக்கும் ஏறுங்க."

சுகாசினி சத்தமில்லாமல் தன் பென்சிலைக் கீழே வைத்தாள். நானும் தூரிகையை வைத்தேன். என் மணிக்கட்டை அந்த அம்மா இன்னும் விடவில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை.