பதினொரு பொன்னாடையும் ஒரு பாட்டும்

றமணன் கௌபாய் தொப்பி போட்டு, கிட்டாரைத் தூக்கி, அமெரிக்க நாட்டுப்புற இசையான 'கன்ட்ரி' பாடகனாகிப் பதினெட்டு வருடம். லண்டன் தமிழருக்குத் தெரிந்தது அவனுடைய ஒரே ஒரு பாட்டுத்தான்: 'மாங்காய்க் கோடை'. யாழ்ப்பாணத்து வெயில், மாமரம், இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி. மூன்று வயதில் இங்கே வந்தவனுக்கு மாமரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பிறகு எப்படிக் கண்ணீர் விடுவது?

அவன் மனைவி சிவமலருக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவளுடைய கோடை தெற்கு லண்டனில், டூட்டிங்கில் இருந்தது. அங்கே கார் கழுவும் இடமொன்றில் இருவரும் வேலை செய்தார்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் நிற்க நிற்கத்தான், கல்யாணம் செய்வோமா என்று அவன் கேட்டான். இந்த வருடம் ஒருவழியாக அதைப் பாட்டாக எழுதினான். நல்ல பாட்டு. அடுத்த மேடையில் அதைத்தான் பாடுவேன் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்திருந்தான். அதை நம்பி அவள் சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு கிங்ஸ்பரி மண்டபத்துக்கு வந்திருந்தாள்.

பழைய மாணவர் சங்கத்தின் கோடை விழா. விளக்கேற்றம், வரவேற்புரை, அந்த வரவேற்புக்கு ஒரு நன்றியுரை. பிறகு பாடகரைக் கௌரவிக்கத் தொடங்கினார்கள். ஊருக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு பொன்னாடை. ஒருவரை விட்டால் மற்றவர் முகத்தைத் தூக்குவார் என்று பதினொன்று போர்த்தினார்கள். போர்த்திய ஒவ்வொருவரும் பேசவும் பேசினார்கள். பாட வந்தவன் துணிக்கடைப் பொம்மைபோல் நின்றான். அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது, அதுதான் கேவலம்.

தலைவர் நவரத்தினம் வந்து, மண்டபத்தை ஆறு மணிக்கு விடவேண்டும், ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்றார். எந்தப் பாட்டு என்பதை அவனிடமே விட்டார். றமணன் சிவமலரைப் பார்த்தான். பிறகு சபையைப் பார்த்தான்.

"மாங்காய்க் கோடை," என்றான். "இது என்ரை மனுசி சிவமலருக்கு."

கைதட்டல் காதைப் பிளந்தது. அவளையும் மேடைக்கு இழுத்து, மிச்சமிருந்த பொன்னாடையொன்றைத் தோளில் போட்டு, இரண்டு வார்த்தை பேசும்படி மைக்கைக் கொடுத்தார்கள்.

"அந்தப் பாட்டிலை வாற பிள்ளை நானில்லை," என்றாள் சிவமலர். "நான் டூட்டிங்கிலை இவரோடை கார் கழுவினனான். அதுக்கும் ஒரு பாட்டு எழுதி வைச்சிருக்கிறார். அதைப் பாடச் சொல்லுங்கோ."

நல்ல பகிடி என்று சபை சிரித்தது. றமணனும் சேர்ந்து சிரித்தான்.

அவள் பொன்னாடையைக் கழற்றி, பன்னிரண்டாவதாக அவன் தோளிலேயே போட்டாள். அவள் வாசலைத் தாண்டுமுன் 'மாங்காய்க் கோடை' தொடங்கிவிட்டது. அவன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.