யாருடைய குறட்டை

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே லோர்னாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவள் புருஷன் வெர்னன் தன் பெரிய லாரியின் முன்பாதியை மட்டும் கழற்றி ஓட்டி வந்து, கிளினிக் வாசலில் நாலு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு நிறுத்தியிருந்தான். போதாததற்குக் கையில் சூரியகாந்தி விதைத் தோல் துப்புகிற காகிதக் குவளை. வாரத்தில் பாதி ராத்திரி ரோட்டில் கழிகிறவன். கண் சொக்காமலிருக்க விதை கொறித்துப் பழகி, ஊரான ஜோப்ளினில் வீட்டுக்கு வந்தும் அதை விடவில்லை.

"அந்தக் கருமத்தைக் கீழ போடு. டாக்டர் முன்னால துப்பிக்கிட்டு நிக்காதே."

"வெறும் குறட்டைக்கு எதுக்கு லோர்னா டாக்டர்? எங்க வம்சமே குறட்டை வம்சம். எங்கப்பா விட்டா ஜன்னலே ஆடும்."

வெறும் குறட்டையாம்! மகள் ஓபலுக்கு ஆறு வயது. வாயைப் பிளந்துகொண்டு, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குகிறாள். விடிந்தால் தலையணை வேர்வையில் நனைந்து கிடக்கிறது. எப்போதோ விட்டிருந்த, படுக்கையை நனைக்கிற பழக்கமும் திரும்ப வந்துவிட்டது. வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறாள், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறாள் என்று டீச்சர் போன்மேல் போன். லோர்னாவும் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மனுஷனுக்கு என்ன பயம் என்று அவளுக்குத் தெரியாதா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய் ஒன்று உண்டு. அதன் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அது இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே லாரி ஓட்டுவதற்கான மருத்துவச் சான்று போய்விடும் என்று ஓட்டுநர்களுக்குள் ஒரு நடுக்கம். வெர்னனின் சிநேகிதன் ஒருவன் பரிசோதனைக்குப் போய், சாவியை ஒப்படைத்துவிட்டு மாசக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து வெர்னன் சான்று வாங்கப் போகும்போதெல்லாம் சமையலறையில் நின்று, தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டிய பதில்களை மனப்பாடம் பண்ணுவான். மகளுக்கு இந்த நோய் என்று சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி அப்பாவைப் பற்றித்தானே வரும்?

டாக்டர் ஹாகன் ஓபலின் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"டான்சில் ரெண்டும் நல்லா வீங்கியிருக்கு. தூக்கமெல்லாம் எப்படி?"

லோர்னா வாயைத் திறப்பதற்குள் வெர்னன் முந்திக்கொண்டான்.

"எட்டு மணி நேரம். அசந்து தூக்கம். காலையில தலைவலி கிடையாது. பகல்ல கண்ணு சொக்குறதே கிடையாது."

லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறைப் பாடம், ஒரு எழுத்து மாறவில்லை.

"இது உன் பரீட்சை இல்ல வெர்னன்! அவளைப் பத்திக் கேக்குறாங்க."

"பகல்ல அவ தூங்கி நீ பாத்திருக்கியா? குரங்குக்குட்டி மாதிரி குதிச்சிக்கிட்டுல்ல திரியிறா?"

குரங்குக்குட்டி அந்நேரம் டாக்டரின் சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"விஷயமே அதுதாங்க," என்றார் டாக்டர். "தூக்கம் கெட்டா பெரியவங்க சொக்கி விழுவாங்க. குழந்தைங்க பல பேரு இப்படித் துள்ளுவாங்க, எரிஞ்சு விழுவாங்க. நாம சேட்டைன்னு நினைச்சு திட்டிக்கிட்டு இருப்போம். சரி, தூங்குறப்ப மூச்சு நடுவுல நிக்குதா?"

லோர்னா போனை எடுத்து மேஜையில் வைத்தாள். போன வாரம் ஓபலின் கட்டிலருகே உட்கார்ந்து பிடித்த வீடியோ. படம் வெறும் இருட்டு. சத்தம் மட்டும் கேட்டது. குறட்டை, இன்னும் குறட்டை, பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமை நீண்டுகொண்டே போனது. கடைசியில், முங்கியவர் தண்ணீருக்கு மேலே வந்தது போல ஒரு திணறல்.

"அது நான்," என்றான் வெர்னன் அவசரமாக. "பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன். எங்க வீட்டுச் சுவரு அட்டை மாதிரி. என் சத்தம்தான் விழுந்திருக்கு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப மூச்சு நிக்கிறது உங்களுக்கா?"

வெர்னன் இருதலைக் கொள்ளி எறும்பாகிவிட்டான். தன்னுடையது என்றால் பிழைப்பு போச்சு. இல்லை என்றால் மகளுடையது. லோர்னா கைகொடுக்கவில்லை. நன்றாக வேகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.

"அவளோடதுதான். என்னுது இதைவிட நீளமா நிக்கும். இவ எத்தனையோ வாட்டி சொல்லிட்டா."

டாக்டர் அதிர்ச்சி காட்டவில்லை. "நான் குழந்தைங்க டாக்டர். உங்களுக்குப் பரிசோதனை நான் எழுதித் தர முடியாது. ஆனா உங்க டாக்டர்கிட்ட நீங்க கண்டிப்பா காட்டணும். இதுக்கு வைத்தியம் இருக்கு. பாப்பாவை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில தூங்க வெச்சுப் பாப்போம். உடம்புல ஒயர் ஒட்டுவாங்க, வலிக்காது. டான்சிலை எடுக்கணுமான்னு அப்புறம் பேசலாம். கூட உங்கள்ல ஒருத்தர் இருக்கலாம்."

"நான் இருக்கேன்," என்றான் வெர்னன். "மூச்சு நின்னா எழுப்பலாம்தானே?"

"வேண்டாம். எங்க ஆளுங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஏன் கேக்குறீங்க?"

"இல்ல... வீட்டுல இருக்கிற அன்னைக்கு, தண்ணி குடிக்க எழுந்தா அவளையும் ஒரு எட்டு பாத்துட்டு வருவேன். மூச்சு நின்னிருந்தா தோளைத் தட்டி ஒருக்களிச்சுப் படுக்க வெப்பேன். வந்துரும். ரொம்ப நாளா பண்றேன்."

லோர்னா ஒரு வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். மூச்சு நிற்பது இந்தக் கல்லுளிமங்கனுக்கு முன்பே தெரியும். போன வாரம் வரை அவளுக்குத்தான் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை ஓய்ந்தால், அப்பாடா, பிள்ளை இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறாள் என்று புரண்டு படுத்திருக்கிறாள்.

அவனை அறையலாம் போலிருந்தது. 

"அப்ப நீ ரோட்டுல இருந்த ராத்திரியெல்லாம் அவளை யாரு வெர்னன் தட்டிவிட்டா?"