மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது

எடித் ஊரின் சுனாமி அனர்த்தக் குழுவுக்குத் தலைவியானதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஆரைப் போடலாம் என்று கேட்டபோது கூட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தார்கள், அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்திருந்த அபிசா, கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரப் பிள்ளை, "அப்ப எடித் அக்காவே செய்யட்டும்" என்று காரியத்தை முடித்துவிட்டாள்.

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்ச் சனத்துக்குச் சுனாமிப் பயம் கிடையாது. 2004 மார்கழியில் இந்தோனேசியாப் பக்கம் கடலடியில் நிலம் ஆடி, கிழக்கையும் தெற்கையும் தண்ணீர் வாரிக்கொண்டு போனபோது, மன்னாரில் அது பெரிதாகக் கைவைக்கவில்லை. "எங்கட கடல் எங்களை ஒண்டும் செய்யாது" என்பான் எடித்தின் புருசன் றோய். என்னவோ கடலைத் தானே பெற்று வளர்த்தவன் மாதிரி ஒரு கதை.

ஊருக்குச் சைரன் இன்னும் வந்தபாடில்லை. அதனால் ஒத்திகைக்கு, கரையோரம் இருக்கும் அந்தோனியார் கோயில் மணியை அடிப்பது, மணி கேட்டதும் சனம் ஊருக்குள்ளே ஓடிப் பள்ளிக்கூட மாடியில் ஏறுவது என்று ஏற்பாடு. விளங்கினதோ என்று அபிசா கேட்டாள். ஓம் ஓம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை காலை எடித் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சனம் ஓடியது. அடேயப்பா, அப்படி ஓர் ஓட்டம். ஆனால் ஓடியது பள்ளிக்கூடத்துக்கல்ல, நேரே கடலுக்கு.

அந்த ஊரில் அகாலத்தில் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான், கடலில் யாரோ மாட்டிக்கொண்டுவிட்டார்கள். கூட்டத்தில் தலையாட்டியது தலை, ஓடியது கால். தலை சொன்னதைக் கால் கேட்கவில்லை. றோய் தோளில் கயிற்றோடு முன்னால் ஓடினான். பின்னால் டயர் ரியூப்போடு சிலர். பக்கத்து வீட்டு றொசானா சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியே கொண்டு ஓடினாள். பள்ளிக்கூடத்தடியில் ஒலிபெருக்கியும் கையுமாகக் காத்து நின்ற அபிசாவிடம் வந்து சேர்ந்தவை ஊரில் அலைகிற நாலைந்து கழுதைகள்தாம்.

"அக்கா, உங்கட ஊர் முழுக்கச் செத்துப் போச்சுது" என்றாள் அபிசா, கரைக்கு வந்து.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. றொசானா தேத்தண்ணியைப் பங்கிட்டாள். எடித்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே ஒருநாள் வந்தால்? தன் கையால் இழுக்கிற இதே மணி, றோயையும் மகள் சுவேதினியையும் கடலின் வாய்க்குள் அனுப்பிவிடும்.

வீட்டுக்குப் போனதும் புருசனைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு சொல்லியும் ஏன் கரைக்கு ஓடினனீங்கள்?"

"யோசிச்சோ ஓடுறது? ஆரோ தத்தளிக்கிறான் எண்டால் கால் நிக்குமே?" என்றான் றோய்.

அவன் சொன்னது நியாயம். உன் உயிரைக் காப்பாற்ற ஓடு என்றால் இந்தச் சனம் ஓடாது. வேறொருவன் உயிரைக் காப்பாற்று என்றால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடும். அப்படியானால் அதையே சொல்லிவிட்டால் என்ன?

அடுத்த ஒத்திகைக்கு முன் அவள் வீடு வீடாகப் போனாள். மணி கேட்டால் நீ இன்னாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பொறுப்புக் கொடுத்தாள். றொசானாவுக்கு, அடுத்த வளவுப் பிள்ளைத்தாச்சி. றோய்க்கு, கால் முறிந்து கட்டுப்போட்டுக் கிடந்த அமிர்தநாயகம். வள்ளம் இழுத்து வைக்கிற இடத்துச் சண்டையில் இரண்டு பேருக்கும் கதை பேச்சே இல்லை.

"அந்தாளையோ? ஊரிலை வேறை ஆள் இல்லையோ?"

"நீங்கள் தூக்காட்டி அவர் அங்கயே கிடந்து சாக வேண்டியதுதான். பிறகு நானும் உங்களோடை கதைக்கமாட்டன்."

இரண்டாம் முறை மணி அடித்தபடியே எடித் கோயில் வாசலால் எட்டிப் பார்த்தாள். ஒழுங்கைகளில் சனம் எல்லாம் ஊருக்குள்ளே ஓடியது. பிள்ளைத்தாச்சியைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி றொசானா போனாள். றோயின் முதுகில் அமிர்தநாயகம்.

"டேய், மெல்லப் போடா. காலை முறிச்சுப் போடாதை."

"முறிஞ்ச காலை இன்னும் எப்பிடி முறிக்கிறது? வாயை மூடிக்கொண்டு இரும்."

கதைத்துவிட்டார்கள். எடித்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒருவரும் தவறிவிடக்கூடாதென்று இன்னும் இழுத்தாள், கை காந்தும் வரை இழுத்தாள். கரையில் காகங்களைத் தவிர ஒரு சீவன் இல்லை. கயிற்றை விட்டுவிட்டு, அந்தோனியாரைப் பார்த்துத் தனியே நின்று சிரித்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், ஊர் முழுக்கத் திரும்பி ஓடி வருகிறது. கடல் பக்கமாக. "இஞ்சை வராதேங்கோ, அங்கால போங்கோ" என்று இரண்டு கையையும் வீசிக் கத்தினாள். யார் கேட்டார்கள்? றோய்தான் முன்னுக்கு. இறக்கிவிட நேரமில்லாமலோ என்னவோ, அமிர்தநாயகம் இன்னும் முதுகில்தான். பக்கத்தில் வெறுங்காலோடு சுவேதினி. எல்லோருக்கும் பின்னால் ஒலிபெருக்கியோடு அபிசா, "பிழை, பிழை, திரும்புங்கோ" என்று கத்திக்கொண்டே அவளும் ஓடி வந்தாள்.

"என்ன விசர் வேலை இது?" என்றாள் எடித்.

றோய்க்கு மூச்சு வாங்கியது, பேச முடியவில்லை. முதுகில் இருந்தவர்தான் பதில் சொன்னார். "ஊரிலை எல்லாருக்கும் ஆள் வைச்சாய். உன்னைக் கூட்டிவர ஆரை வைச்சனீ, பிள்ளை?"

ஊரில் எடித் ஏறாத படி இல்லை. தன்னை நினைக்க மட்டும் மறந்துபோனாள். அத்தனை பேருக்கும் முன்னால் அவள் அழுதாள். அவளுக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

"இனி மணி அடிக்கிற ஆளுக்கும் ஒராள் வைக்கோணும்" என்றாள் அபிசா, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "முதல்ல எல்லாரும் நடவுங்கோ."

றோய் அமிர்தநாயகத்தை இன்னொருவன் முதுகுக்கு மாற்றிவிட்டு எடித்தின் கையைப் பிடித்தான். "மிச்சத்தைப் பள்ளிக்கூடத்திலை வந்து அழு. இப்ப ஓடு."

மாடிப்படி ஏறி முடியும் வரை அவன் அந்தக் கையை விடவில்லை.