துடைத்த வால்வுகள்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதும் அப்படித்தான். "கண்ணைக் கட்டிவிட்டாலும் எது உங்க அப்பா வால்வு, எது என்னோடதுன்னு சொல்லிடுவேன் டாக்டர்" என்று காலையில் பல் டாக்டரிடம் அளந்துவிட்டேன். இறந்துபோன தன் அப்பாவின் ஆம்ப்ளிஃபயரை அவர் மறுபடி ஓடவிடப் போகிறார். அதிலிருந்த, பல்பு மாதிரியான பழைய கண்ணாடி வால்வு இரண்டையும் கழற்றிக் கொண்டுவந்து, என்னிடம் இருக்கும் அதே வகை ஜோடியோடு ஒப்பிடச் சொன்னார்.

"உங்களுது நல்லா கேட்டா அதையே போட்டுக்கலாம். ஆனா அப்பாவுது பத்திரமா என்கிட்ட திரும்பி வந்துடணும். அவர் தேடித் தேடி வாங்கினது."

நான்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே வருஷம். கண்ணாடிமேல் பொன் நிறத்தில் அச்சடித்த எண்களில் மட்டும்தான் வித்தியாசம். கண்ணாடியில் தூசி இருந்தால் சத்தம் மங்கும் என்று பழைய ஆடியோ செட் பழுதுபார்க்கும் எங்கள் ஆட்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எனக்கு அது கொஞ்சம் முற்றியிருந்தது. போட்டி நியாயமாக நடக்கட்டும் என்று ஈரத்துணியால் நான்கையும் துடைத்து, ஜோடி ஜோடியாக மேசையில் வைத்தேன். பிறகுதான் துணியைப் பார்த்தேன். பொன் துகள் ஒட்டியிருந்தது. பழைய அச்சு விரல் பட்டாலே உதிரும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான்.

நான்கும் மொட்டையாக நின்றன. எந்த ஜோடியை முதலில் எடுத்தேன் என்பது நினைவில் இல்லை. மீட்டரில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே அளவு.

"அதான் காது இருக்குல்ல, கேட்டுச் சொல்லுங்க" என்றாள் மனைவி. டாக்டர் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்போது மணி இரண்டு.

ஒரு ஜோடிக்கு நீல டேப், இன்னொன்றுக்கு வெள்ளை டேப் ஒட்டினாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே உட்கார்ந்தேன். என் ஆம்ப்ளிஃபயரில் கைத்துணியால் பிடித்துப் பிடித்து அவள் மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் வால்வு சூடேறக் காத்திருந்து, அதே பாட்டு. "இது அவர் அப்பாவுது, குரல் கனமா வருது." "இது என்னுது, வறட்டு சத்தம்." அவள் பேப்பரில் எழுதிக்கொண்டே வந்தாள். எட்டாவது தடவை முடிந்ததும் பேப்பரை என் மடியில் வைத்தாள்.

நீல ஜோடியை நான்கு தடவை போட்டிருக்கிறாள். இரண்டு தடவை அப்பாவுடையது என்றிருக்கிறேன், இரண்டு தடவை என்னுடையது என்றிருக்கிறேன். வெள்ளைக்கும் அதே கதை.

"பூவா தலையா போட்டிருந்தா கரண்ட்டாவது மிச்சமாகியிருக்கும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாக இந்தக் காதை நம்பித்தான் ஆட்கள் படியேறி வருகிறார்கள். இப்போது அதை நம்ப எனக்கே பயமாக இருந்தது. அழைப்பு மணி அடித்தது.

டாக்டர் உட்காரக்கூட இல்லை. "எது அப்பாவுது?"

எதைக் காட்டினாலும் நம்பிவிடுவார். என் விரல் நீல ஜோடியை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலை டாக்டர்." துடைத்தது, எட்டுத் தடவை கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுதுதான். நாலையும் எடுத்துக்கிட்டுப் போங்க. அதுல ரெண்டு கண்டிப்பா அவருது."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவர் என் கையிலிருந்த பேப்பரை வாங்கி வரி வரியாகப் படித்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால அப்பா ஆம்ப்ளிஃபயரை உங்ககிட்ட தூக்கிட்டு வந்தாரு. ஒரு பக்கம் மங்கலா கேக்குதுன்னு."

"ஞாபகம் இருக்கு."

"மீட்டர்கூட வைக்காம, சும்மா கேட்டுப் பாத்துட்டு, 'இது நல்லாத்தான் இருக்கு, உங்க காதுக்குத்தான் வயசாயிடுச்சு'ன்னு சொல்லி அனுப்பினீங்களாம்."

வால்வுப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அன்னிக்குத் துணி போட்டு மூடினாரு" என்றார், நான்கு வால்வையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டே. "கடைசி வரைக்கும் அப்புறம் பாட்டே கேக்கலை."