ஏதென்ஸ் விமானம் கடக்கும் நேரம்

...இன்னும் கொஞ்சம், அக்ரூட் மரத்துப் பக்கம், ஐயோ அவ்வளவு வேண்டாம், பக்கத்து ஸ்தோயான் வீட்டுக் கக்கூசையே தாண்டிவிட்டானே இந்த மனுஷன், ராட்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள், "கக்கூசுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவுலன்னு சொன்னேன்ல!" கீழே முற்றத்தில் ஒரு கையால் ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தகர அடுப்பில் குடமிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் பாந்தே நிமிர்ந்து பார்த்தான். "நடுவுலன்னா கோழிக்குக் கிட்டவா, கக்கூசுக்குக் கிட்டவா? தெளிவாச் சொல்லு தாயே." கோழிக்குக் கிட்ட. கம்பத்தைத் திருப்பும் மோட்டார் புகைந்துபோனதிலிருந்து பாந்தேதான் மோட்டார், பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார், வீட்டில் மோட்டார், விட்டால் காற்றுக்குக் கம்பம் தானாகச் சுற்றிவிடும், அதனால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமையில் எந்த ஆண்பிள்ளை நிற்பான் இப்படி? தெரு முழுக்கக் குளிர்காலத்துக்கு அய்வார்த் தொக்கு கிண்டுகிறார்கள், எல்லா முற்றத்திலும் மிளகாய் சுடும் புகை, மூக்குக்குள் இனிப்பும் கரியும்... போனில் விமானம் எங்கே வருகிறது என்று பார்த்தாள். வியன்னாவிலிருந்து ஏதென்ஸ் போகிறது, சின்ன மஞ்சள் பொம்மை மாதிரி எல்லைக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்தது.

வா, சீக்கிரம் வா. அவளுடைய ஹாம் ரேடியோவின் இரண்டு மீட்டர் அலை மலையைக் கண்டால் முட்டிக்கொண்டு நின்றுவிடும், வளைந்து போகத் தெரியாத முரட்டு அலை, சுற்றிலும் மலை, நடுவில் குழி, குழிக்குள் இந்த வீடு, ஸ்கோப்யேயில் மலைச்சரிவு வீட்டில் இருந்தவரை சும்மா மைக்கைத் தொட்டால் பாதி பால்கன் பேசும்! பிதோலாவில் இருக்கும் ரேடியோ சிநேகிதன் மெத்தோ அப்போதே சொன்னான், கல்யாணத்தன்று ரக்கியாச் சாராயக் கோப்பையோடு, "ராட்கா, நீ புருஷனைக் கட்டிக்கலை, ஒரு கிணத்தைக் கட்டிக்கிட்டே." சிரித்தாள். பிறகு இங்கே வந்து ரேடியோவின் காதுக்கருவியை மாட்டியபோது ஒரே இரைச்சல், நாலு மாதம் இரைச்சல், ஒருநாள் வாய்விட்டுப் புலம்பியிருக்கிறாள், அதைக் கேட்டுவிட்டுத்தான் பாந்தே ஜூன் மாதம் சாப்பாட்டு மேசையில் பொசுக்கென்று சொன்னான், வீட்டை வித்துட்டு மேட்டுக்குப் போயிடலாம், உனக்குக் காது கேக்கட்டும். அவன் அப்பா கட்டிய வீடு. அவன் நட்ட மிளகாய். அவள் வேண்டாம் என்றா சொன்னாள்? இல்லை. சரி என்றும் சொல்லவில்லை. வாங்குகிறவன் இன்று மதியம் வருகிறான் என்று போன வாரமே தெரிந்ததும், விமானத்தில் பட்டுத் தெறிக்கும் அலையைப் பிடித்து அதற்குள் மெத்தோவோடு பேசிவிட்டால் இங்கேயே இருந்துவிடுவோம் என்று விளையாட்டுப்போலச் சொல்லிவைத்தாள். முந்தாநாள் பாதி கிடைத்தது, நேற்றும் பாதி. மெத்தோ, "விடு, பேசியாச்சுன்னு எழுதிக்குவோம், யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். யாரிடம் சொல்கிறான்! ரேடியோ போட்டியில் தன் சங்கத்தின் மதிப்பெண்ணையே வெட்டியவள் அவள், 'கேட்டது' என்கிற கடைசி ரோஜர் காதில் விழாத பேச்சு பேச்சே இல்லை என்று சொல்லி. அன்றிலிருந்து சங்கத்தில் அவளுக்குப் பெயர் சுங்க அதிகாரி.

வந்துவிட்டது, பொம்மை அவளுக்கும் மெத்தோவுக்கும் நடுவே உள்ள கோட்டைத் தொடுகிறது, "பாந்தே! பிடிச்சுக்கோ, ஆடாதே, மூச்சு விடாதே!" காதுக்கருவி, மைக், மெத்தோ மெத்தோ... இரைச்சல், இரைச்சல், இரைச்சலுக்குள் ஒரு முனகல், ஆகா, அவனேதான், மூக்கால் பேசும் அந்தக் குரல், கேட்கும் தெளிவு ஐந்துக்கு ஐந்து என்கிறான், அவள் ரேடியோ எண்ணைச் சொல்கிறான், ஊரின் குறியீட்டைச் சொல்கிறான், தெளிவாக, பக்கத்து அறையில் இருப்பதுபோல! ரோஜர், உனக்கும் ஐந்துக்கு ஐந்து, என் குறியீடு இதோ, கேட்டதா, ஒரு வார்த்தை சொல்லு மெத்தோ, ஒரே வார்த்தை, நான் இங்கேயே இருக்கணும்... என்ன சொன்னாள் இப்போது, மைக்கிலா சொன்னாள்? இல்லை, மனசுக்குள். காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். குரல் ஒரு எழுத்து எழும்பியது, சட்டென்று யாரோ கதவைச் சாத்தினாற்போல அறுந்தது. இரைச்சல். போனில் பொம்மை நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது.

படியில் தடதடவென்று இறங்கினாள், கடித்துக் குதறிவிடும் கோபத்தோடு. கம்பம் தன் பாட்டுக்கு ஸ்தோயான் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாந்தே அடுப்படியில் குந்தி, விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான், மிளகாயெல்லாம் மண்ணில். "தீப்பிடிச்சிருச்சு ராட்கா. யோசிக்கவே இல்ல, கை தானா விட்டுருச்சு... கெடுத்துட்டேன்ல? பரவாயில்ல, அவன் வரட்டும், வித்துருவோம், மேட்டுல உனக்கு நல்லாக் கேக்கும்." சொல்லிக்கொண்டே கரிந்ததையும் கரியாததையும் பொறுக்கிப் பிரித்தான், அவள் முகத்தைப் பார்க்காமல். அரை நிமிஷம் கைவிட்டதற்கு அப்பா கட்டிய வீட்டைத் தருகிறானா இவன்? அப்படி ஒரு பாசம் வந்தது, இத்தனை வயதில், மிளகாய்ப் புகைக்கு நடுவில்.

"கிடைச்சிருச்சு," என்றாள். "நீ கைவிடறதுக்கு முன்னாடியே. முழுசா."

பாந்தே மூச்சு விட்டான். விட்டான், விட்டான், விட்டுக்கொண்டே இருந்தான், ஜூன் மாதத்திலிருந்து அடைத்துவைத்த மூச்சு. பிறகு கரிக்கையோடு அவளைத் தூக்கிச் சுற்றி, முதுகு பிடித்துக்கொண்டு, இறக்கிவிட்டு, வாங்க வருகிறவனைப் போனில் கூப்பிட்டான். "வராதீங்க சார், கூரை ஒழுகுது, ஆமா, சுவரும்தான், எலிகூட இருக்கு!" தன் வீட்டைப் பற்றி இவ்வளவு மோசமாக, இவ்வளவு சந்தோஷமாக யாராவது பேசுவார்களா?

அவன் வைத்ததும் அவள் போன் அடித்தது. மெத்தோ. "ஏ ராட்கா, நீ சொன்னது முழுசாக் கேட்டுச்சு! என் கடைசி ரோஜர் விழுந்துச்சா? உண்மையச் சொல்லு, நீ சுங்க அதிகாரி." பாந்தே பக்கத்திலேயே நின்றான், விரலை ஊதுவதை நிறுத்திவிட்டு.

"விழுந்துச்சு மெத்தோ, நல்லா விழுந்துச்சு."

வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, சிரிப்புதான் வந்தது, குனிந்து மிளகாய் பொறுக்கினாள், தோல் உரித்தாள், பாந்தே ஏதோ பாட்டை முனகிக்கொண்டே சட்டியைத் துடைத்தான். அலைக்காவது குறுக்கே மலை இருந்தது. ஒரே முற்றத்தில், ஒரே மேசையில், மூன்று மாதமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு பேருக்குக் குறுக்கே என்ன இருந்தது? நான் இங்கேதான் இருக்கணும் என்று சொல்ல வானத்தில் எதற்கு ஒரு விமானம்... இப்போதும்கூடச் சொல்லவில்லையே, காதில் விழாத மெத்தோவின் ரோஜரைத்தானே தனக்காகச் சொல்லவைத்தாள். "பாந்தே," என்றாள். "ம்?" என்றான் அவன். "உப்பு போட்டியா?"