பரிமாறின சோறு

காலை எட்டு மணிக்கு வாசல் மணி அலறியபோது கோசலையின் மேசையில் இருந்த சோற்றுக்குப் பதினைந்தாம் வயது நடந்துகொண்டிருந்தது. ஆவி பறந்தது. 2024ஆம் ஆண்டு மாசி மாதம், வெளியே ஒரு பாகை செல்சியஸ் குளிர். பாரிசின் லாச்சப்பல் பகுதியில், பெர்தோனே வீதியில் மூன்றாம் மாடி வீடு அது. கதவைத் திறந்தால், நகரசபை அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி ஒரு பிள்ளை நின்றாள். ஒரு கையில் சின்னப் பழுப்பு வாளி, மறு கையில் படிவம். பெயர் விதுர்ஷா, பாரிசின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் பிறந்தவள். இனிமேல் வீட்டுச் சாப்பாட்டுக் கழிவையெல்லாம் தனியே சேர்க்க வேண்டும், முற்றத்தில் வைத்திருக்கும் பெரிய பழுப்புத் தொட்டியில் போட வேண்டும், கிழமைக்கு இரண்டு முறை லொறி வரும் என்று ஒப்பித்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"மூண்டு" என்றாள் கோசலை.

"ரெண்டு" என்றார் அவளுடைய புருஷன் தவரத்தினம், குசினிக்குள் அடுப்பின் பக்கத்தில் இருந்து.

விதுர்ஷா பேனையை எடுத்தாள், வைத்தாள். பிறகு மேசையைப் பார்த்து, "பர்தோன், மன்னியுங்கோ அன்ரி, அந்த மிச்சச் சாப்பாட்டையும் இதுக்குள்ளைதான் போடவேணும்" என்றாள்.

"அது மிச்சம் இல்லை, பிள்ளை. அது பரிமாறினது."

அந்தச் சோற்றின் வரலாறு கட்டடம் முழுவதற்கும் தெரியும். 2006இல் தவரத்தினம் குடும்ப விசாவில் தன் குடும்பத்தைப் பாரிசுக்கு எடுத்தபோது மகன் சேந்தனுக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாதம். பதினெட்டுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அந்த விசா இல்லை என்று கடிதம் வந்தது. தாய் மட்டும் வந்தாள். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வன்னிக் கடற்கரையில் யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் இருந்து அவன் ஒரு நிமிடம் கதைத்தான். சோறு தின்று ஆறு நாள் என்றான். அழுத தாயைத் தேற்ற நினைத்தானோ என்னவோ, "நீங்கள் போட்டு வையுங்கோ அம்மா, இந்தா வாறன்" என்று சிரித்தான். கோசலை போனை வைத்த கையோடு சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, விளைமீன் பொரியல் எல்லாம் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு வைத்தாள். அவன் வரவில்லை. சோறும் ஆறவில்லை.

முதல் கிழமை தவரத்தினம் வைத்தியரைக் கூட்டி வந்தார். அவர் சோற்றைத் தொட்டுப் பார்த்து, விரலை ஊதிக்கொண்டு போனார். கோயில் ஐயர் வந்து, ஆறாத சோற்றைப் பற்றிச் சாஸ்திரம் ஒன்றும் சொல்லவில்லை என்றார். 2012 பனிக்காலத்தில் கட்டடத்தின் சூடேற்றி பழுதாகிப் பதினொரு நாள் கிடந்தபோது, இரண்டாம் மாடி மரியகொறற்றி தன் கைக்குழந்தையின் பால்போத்தலை அந்தக் கோப்பையோடு சாய்த்து வைத்துச் சூடாக்கினாள். அந்தப் பிள்ளை இப்போது கொலிஜ் என்கிற நடுநிலைப் பள்ளிக்குப் போகிறது. மீன் பொரியலின் மொறுமொறுப்பு ஒருநாளும் குறையவில்லை. ஊரில் இருந்து வருகிறவர்கள் பாரிசின் இரும்புக் கோபுரத்தைப் பார்க்கப் போகுமுன் இதைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. தவரத்தினம் பதினாலு வருடமாகக் குசினியில் நின்றபடிதான் சாப்பிட்டார். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம் என்று வேட்டியோடு வெளிக்கிடுவார். கோசலை வாசலுக்குக் குறுக்கே நிற்பாள். "பிள்ளை செத்ததெண்டு ஆரும் கடதாசி தந்தவையோ? தந்தால் போங்கோ" என்பாள். அவர் வேட்டியை மடித்து வைப்பார். இப்போது நகரசபையே கடதாசி தந்திருக்கிறது, கழிவைத் தொட்டியில் போடு என்று. சட்டம் தன் பக்கம் வந்துவிட்டதாக அந்த மனிதருக்குப் பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் கோசலை கந்தோரில் அலுவலக அறைகளைக் கூட்டும் வேலைக்குப் போன பிறகு, அவர் கோப்பையைத் துணியால் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். துணியையும் தாண்டிச் சுட்டது. பழுப்புத் தொட்டியில் சோற்றைக் கொட்டி, மேலே வந்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

எட்டரைக்கு லொறி வந்தது. தொட்டி அசையவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள், பிறகு எதிர்க் கடை நகைக்காரரும் மரக்கறிக் கடைப் பெடியன்களுமாக ஏழு பேர் இழுத்தார்கள். லொறியின் இரும்புக் கை தொட்டியைத் தூக்கப் பார்த்து, முனகி, ஒரு சாண் வளைந்து நின்றது. மூடியின் இடுக்கால் ஆவி வந்தது. முற்றத்தில் உறைந்திருந்த பனி உருகி வாய்க்காலில் ஓடியது. மீன் பொரியல் வாசம் மெத்ரோ வாசல் வரை போக, வேலை முடிந்து மெத்ரோப் படி இறங்கிவந்த கோசலை அதை மணந்ததுமே விஷயத்தை விளங்கிக்கொண்டாள். அவள் ஓடவில்லை. மேலே போய்க் கவிழ்த்துக் கிடந்த கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கூட்டத்தை விலக்கி, தொட்டியைத் திறந்தாள். தேயிலைச் சக்கைக்கும் வாழைப்பழத் தோலுக்கும் நடுவில், ஒரு தூசும் ஒட்டாமல், பரிமாறினபடியே இருந்தது சோறு. பருப்புகூடக் கத்தரிக்காயோடு கலக்கவில்லை. வெறுங்கையால் அள்ளினாள்.

"நகரசபைக்குக் கழிவு வேணுமெண்டால் நான் தாறன். வெங்காயக் கோது, முட்டைக் கோது, மீன் செதிள், எல்லாம் தாறன். என்ரை பிள்ளைக்குப் போட்டதைத் தரமாட்டன். இதைப் போய் எழுதுங்கோ!" என்றாள் லொறிக்காரனைப் பார்த்து. அவன் மாலி நாட்டுக்காரன், தமிழ் தெரியாது. ஆனாலும் தொப்பியைக் கழற்றினான். பிறகு தொட்டியை ஒரு கையால் உருட்டிக்கொண்டு போனான்.

வீட்டில் தவரத்தினம் குழாய்த் தண்ணீரின் கீழே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு விரலிலும் கொப்புளம். கோசலை சோற்றை மேசையில் வைத்துவிட்டு அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"செத்தவனுக்கு வைச்ச சோறு இப்பிடிச் சுடுமோ? நீங்களே சொல்லுங்கோ."

அவள் களிம்பு பூசிவிட்டாள். அன்று மத்தியானம் அவர் கதிரையை இழுத்துப் போட்டு, அந்தக் கோப்பைக்கு எதிரே இருந்து சாப்பிட்டார். அடுத்த ஆடி அமாவாசைக்கு வேட்டி பெட்டியிலேயே கிடந்தது.

அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் கழிவைப் பிரிப்பதில் கோசலையை விஞ்ச ஆளில்லை. மாம்பழத் தோலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட உரித்துவிட்டுத்தான் போடுவாள். தொட்டிக்குள் பிளாஸ்ரிக் போட்ட நாலாம் மாடிக்காரனை முற்றத்தில் வைத்தே ஏசிக் கிழித்தாள். சுகாதாரப் பகுதியில் இருந்து ஒருவர் வெப்பமானியோடு வந்து சோற்றை அளந்து, "சூடு" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். லொறியின் கையை நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள். தொட்டி பிறகு ஒருநாளும் லொறியை மறிக்கவில்லை.

2026 மாசியில் விதுர்ஷா புதுப் பைகளோடும் புதுப் படிவத்தோடும் மறுபடி வந்தாள். கோசலை வேலையால் வந்திருக்கவில்லை. மேசையில் ஆவி பறந்தது. விதுர்ஷா குளிரில் விறைத்த விரல்களைக் கேட்காமலே கோப்பையின் மேல் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, பேனையை எடுத்து, "அங்கிள், வீட்டிலை எத்தினை பேர்?" என்றாள்.

தவரத்தினம் தழும்பு விரலால் படிவத்தைத் தொட்டுக் காட்டினார்.

"மூண்டு எண்டு போடும் பிள்ளை. பெடியன் இன்னும் சாப்பிடேல்லை."